ரேடியோவில் வாசித்த ரோலிங் ஸ்டோன்ஸ்: 'ஆன் ஏர்' சண்டையில் நியாயம் யார் பக்கம்?

கேள்வி இதுதான். இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1963 முதல் 1965 வரை பிபிசி வானொலிக்காக வாசித்த பாட்டுகளைத் திரட்டி 2017 டிசம்பர் 1 அன்று 'ஆன் ஏர்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். ஒரு கூட்டம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு கூட்டம், நன்றாக இருந்த மோனோ டேப்பை (எல்லாச் சத்தமும் ஒரே டிராக்கில் இருப்பது) கம்ப்யூட்டரில் போட்டுப் பிரித்து, ஸ்டீரியோ (இடமும் வலமும் தனித்தனியாக ஒலிப்பது) ஆக்குகிறேன் பேர்வழி என்று பாழாக்கிவிட்டார்கள் என்று இன்னமும் பொருமுகிறது. இதில் யார் சொல்வது சரி, காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். இரண்டு சிடி உள்ள பதிப்பாக வாங்குங்கள். பாழாக்கிவிட்டார்கள் என்ற புகாரில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்டீரியோ விவகாரத்தை ஊதிப் பெரிதாக்கியதில், இந்த ஆல்பத்தின் மேல் வைக்க வேண்டிய உருப்படியான புகார்கள் அமுங்கிப் போயின என்பது என் கட்சி. அதற்கு முதலில் இந்தப் பதிவுகள் எப்படிப்பட்டவை என்று தெரிய வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பிபிசி தன் இஷ்டத்துக்கு இசைத்தட்டு போட முடியாது. ஒலிபரப்பு உரிமையைக் கையில் வைத்திருந்த இசைத்தட்டு கம்பெனிகளின் அமைப்பும், வாத்தியக்காரர்களின் தொழிற்சங்கமும் சேர்ந்து கட்டுப்பாடு போட்டிருந்தன. 'நீடில் டைம்' என்பார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மணி நேரம்தான் தட்டு சுற்றலாம். மீதி நேரத்தை மனிதர்கள்தான் வாசித்து நிரப்ப வேண்டும். நாள் முழுக்கத் தட்டு ஓடினால் வாத்தியக்காரன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது சங்கத்தின் பயம். அதனால் ஹிட் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாலும், அந்தக் குழுவையே ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து மறுபடி வாசிக்கச் சொல்லித்தான் ஒலிபரப்பினார்கள். 1964 மார்ச்சில் ரேடியோ கரோலைன் என்ற உரிமமில்லாத வானொலி கடலில் கப்பலை நிறுத்தித் தட்டுகளாகப் போட ஆரம்பித்ததும், 1967 செப்டம்பரில் பிபிசி ரேடியோ 1 பிறந்ததும் இந்தக் கட்டுப்பாட்டின் பின்கதைதான். யாரும் வரலாற்றுக்காகப் பதிவுசெய்யவில்லை. சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை ஓட்டப் பாட்டு வேண்டும், அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

ஸ்டோன்ஸை பிபிசி முதலில் திருப்பி அனுப்பியது என்பது கொசுறுத் தகவல். 1963 ஏப்ரலில் குரல் தேர்வு போல ஒன்று வைத்தார்கள். பேஸ் கிட்டார் வாசித்த பில் வைமனுக்கும் டிரம்மர் சார்லி வாட்ஸுக்கும் அன்று வேலை நாள், வர முடியவில்லை. வேறு இருவரை வைத்து ஒப்பேற்றினார்கள். நிராகரிப்புதான் வந்தது. பாடகர் மிக் ஜாகரின் குரல் கறுப்பினப் பாடகர் குரல் மாதிரி இருக்கிறது என்பதே காரணம் என்று ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அதே வருடம் அக்டோபரில் 'சாட்டர்டே கிளப்' நிகழ்ச்சியில் இவர்களின் முதல் செஷன் (ஒரே உட்காரலில் பதிவுசெய்த பாட்டுகள்) ஒலிபரப்பானது. 'ஆன் ஏர்' ஆல்பத்தில் இருக்கும் 'கம் ஆன்', 'மெம்ஃபிஸ் டென்னஸி', 'ரோல் ஓவர் பேத்தோவன்' மூன்றும் அந்த 1963 சாட்டர்டே கிளப் பாட்டுகள். மூன்றுமே அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியுடையவை. ஆல்பத்தின் 32 பாட்டுகளை எண்ணிப் பார்த்தால் சக் பெர்ரி எழுதியது மட்டும் 6. ஜாகரும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும் தங்கள் பெயரில் எழுதியவை 3தான். உலகம் அறிந்த ஸ்டோன்ஸ் இன்னும் பிறக்காத காலத்து ஆல்பம் இது.

டேப்புகளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் சண்டையின் வேர். ஒலிபரப்பு முடிந்ததும் பிபிசி பெரும்பாலான டேப்புகளை அழித்து, அதே டேப்பில் அடுத்த வார நிகழ்ச்சியைப் பதிவுசெய்தது. டேப் விலை அதிகம். மறு ஒலிபரப்பு எத்தனை தடவை என்பதற்கும் சங்கத்தோடு ஒப்பந்தம் இருந்ததால், மறுபடி போட முடியாததை எதற்கு வைத்திருப்பது என்ற நினைப்பு. தப்பிப் பிழைத்தவை மூன்று வழியாகப் பிழைத்தன. முதல் வழி, பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் பிரிவு. வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்கென்றே நிகழ்ச்சிகளைத் தட்டாக அச்சடித்த பிரிவு அது. பயன்படுத்திய பிறகு அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எல்லோரும் அழிக்கவில்லை, நல்ல வேளை. இரண்டாவது வழி, பாட்டின் அருமை தெரிந்து தாங்களே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்ட தயாரிப்பாளர்களும் என்ஜினியர்களும். மூன்றாவது வழி, வீட்டு ரேடியோவின் ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கை நீட்டி, அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டுவிடக் கூடாதே என்ற பதைப்போடு டேப்பில் பிடித்த பையன்களும் பெண்களும்.

மோனோ கட்சிக்காரர்களிடம் நான் கேட்பது இந்த இடத்தில்தான். ஒரிஜினலைத் தொடாதே என்கிறீர்கள். எது ஒரிஜினல்? அந்த அறையில் ஐந்து பேர் வாசித்தபோது எழுந்த சத்தமா? என்ஜினியர் நாலைந்து மைக்குகளைச் சேர்த்து அந்த நிமிடமே ஒரே டிராக்காகக் கலந்து எழுதிய டேப்பா? லைட் புரோகிராம் என்ற பிபிசி வானொலியின் 1500 மீட்டர் லாங் வேவ் வழியாக, உயர் சுரங்கள் நறுக்கப்பட்டு, டிரான்சிஸ்டரின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டதா? அதை மைக்கில் பிடித்த டேப்பின் நகலின் நகலா? முப்பது வருடமாக பூட்லெக் (அனுமதியில்லாமல் அச்சடித்த) தட்டுகளில் நாம் கேட்டு, இதுதான் பிபிசி சவுண்ட் என்று மனதில் பதித்துக்கொண்டது பெரும்பாலும் கடைசியில் சொன்னதை. அந்த மண்டிய இரைச்சலுக்கும் மங்கலான சிம்பலுக்கும் நமக்குப் பழகிவிட்டது என்பதற்காக அதை பிபிசி என்ஜினியரின் கைவேலை என்று சொல்ல முடியாது. அந்த டேப்புகளில் பல சரியான வேகத்தில்கூட ஓடாது. வீட்டு டேப் ரிக்கார்டரின் மோட்டார் கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டின் சுருதி இறங்கிவிடும். இங்கிலாந்து மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டேப்பில் மெல்லிய மின் முனகல் பதிவாகியிருந்தால், அது 50இல் வந்து நிற்கும்வரை வேகத்தைத் திருத்தினால் பாட்டும் சரியான சுருதிக்கு வந்துவிடும். இந்த மாதிரித் திருத்தத்துக்கு மோனோ கட்சியிலும் யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆக, கை வைக்கலாமா கூடாதா என்பது பேச்சே இல்லை. எவ்வளவு வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

'ஆன் ஏர்' விஷயத்தில் கை வைத்தது அபே ரோடு ஸ்டுடியோ. பீட்டில்ஸின் வீடு என்று பெயரெடுத்த இடத்தில் ஸ்டோன்ஸின் ரேடியோ டேப்பைத் துலக்கியிருக்கிறார்கள், வேடிக்கைதான். அதற்கு முந்தின வருடம், 2016இல், பீட்டில்ஸின் ஹாலிவுட் பௌல் கச்சேரிப் பதிவில் ரசிகர்களின் கூச்சலுக்கு அடியில் கிடந்த வாத்தியங்களை மேலே கொண்டுவந்தது இதே மாதிரி வேலை. செய்முறை கேட்பதற்கு எளிது. பாட்டை ஒரு படமாக மாற்றுகிறார்கள்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், எங்கே சத்தம் அதிகமோ அங்கே வெளிச்சம். பேஸ் கிட்டார் கீழே ஒரு பட்டையாகத் தெரியும். ஸ்னேர் டிரம் அடி மேலிருந்து கீழே ஒரு கோடு. குரல் அலை அலையாக நெளியும். எந்தப் புள்ளி எந்த வாத்தியத்தைச் சேர்ந்தது என்று கணக்கிட்டுப் பிரித்து, தனித்தனி டிராக்குகளாக்கி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் இடத்தையும் மறுபடி அமைக்கிறார்கள்.

செய்வதுதான் கடினம். மோரில் விட்ட தண்ணீரைத் தனியே எடுக்கிற காரியம் இது. பேஸ் கிட்டார் பெரிய தொல்லை தராது. டிரம் செட்டின் உலோகத் தட்டுகளான ஹை-ஹாட்டும் சிம்பலும்தான் வம்பு. பாடகர் 'ஸ்' என்று இழுக்கும்போது எழுகிற சீறலும், சிம்பலின் சிலிர்ப்பும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கும். கையில் குலுக்கும் கிலுகிலுப்பையான மாரக்காஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தக் காலத்து ஸ்டோன்ஸில் ஜாகர் கையில் மாரக்காஸ் இல்லாத பாட்டு குறைவு. கணக்கு இங்கே தடுமாறினால் சிம்பல் தண்ணீருக்கு அடியில் ஒலிப்பது மாதிரிக் குழைந்து ஆடும், குரலின் ஓரம் மொறுமொறுப்பாகும். நல்ல ஹெட்ஃபோனில் 'ஆன் ஏர்' கேட்டால் சில பாட்டுகளில் இது தெரியத்தான் செய்கிறது. 2017இல் இருந்த கருவிகளின் எல்லை அது. 2021க்குப் பிறகு பீட்டில்ஸ் பதிவுகளுக்குப் பயன்பட்ட பிரிப்பு முறைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பழைய தலைமுறை வேலை என்று உடனே பிடிபடும். இந்த அளவுக்குப் புகார் நியாயம்தான்.

ஆனால் இந்தப் புகாருக்கு உங்கள் கையிலேயே மருந்து இருக்கிறது. பிரித்தெடுத்த துண்டுகளை மறுபடி ஒன்றாகக் கூட்டினால், பிரிக்கும்போது வந்த குழைவுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டி அமுங்கிவிடும். ஒரு பக்கம் காணாமல் போன சிம்பல் துணுக்கு இன்னொரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். போனில் கேட்பவர்கள் அணுகல்தன்மை அமைப்புக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும். சத்த அளவுகளையும் மாற்றியிருப்பதால் பழைய டேப் அப்படியே திரும்பிவராது, ஆனால் எரிச்சலூட்டுகிற நெளிவு கணிசமாகப் போய்விடும். இதைச் செய்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று. ஆல்பத்தில் ஸ்டீரியோவாக ஒலிப்பது எல்லாமே கம்ப்யூட்டர் வித்தை என்று திட்டுகிறவர்கள் நான்கு பாட்டுகளை மறந்துவிடுகிறார்கள். 1964 மார்ச்சில் 'ப்ளூஸ் இன் ரிதம்' நிகழ்ச்சிக்காக லண்டன் கேம்டன் தியேட்டரில் வாசித்த 'ரூட் 66', 'காப்ஸ் அண்ட் ராபர்ஸ்', 'யூ பெட்டர் மூவ் ஆன்', 'மோனா' நான்கும் பிபிசி அப்போது நடத்திவந்த ஸ்டீரியோ பரிசோதனையின் பகுதியாகப் பதிவானவை. பிறவி ஸ்டீரியோ. 2012இல் 'கர்ர்ர்!' தொகுப்பின் பெரிய பெட்டியோடு ஒரு சின்ன வினைல் தட்டாக இவை வந்தன. அதை வாங்கியவர்கள் அப்போதே கேட்டாயிற்று. அந்த 1964ஆம் வருடம் லண்டன் டென்மார்க் ஸ்ட்ரீட்டில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் டெக்கா இசைத்தட்டு கம்பெனிக்காக முதல் எல்பியை மோனோவில் பதிவுசெய்துகொண்டிருந்த குழுவை இந்த நான்கு பாட்டுகளில் அகலமாக, மூச்சுவிட இடத்தோடு கேட்கிறோம். மொத்த ஆல்பத்தில் எதைக் கேட்டே ஆக வேண்டும் என்று கேட்டால் முதலில் 'காப்ஸ் அண்ட் ராபர்ஸ்' என்பேன். அமெரிக்கப் பாடகர் போ டிட்லி பிரபலப்படுத்திய பாட்டு. பாதிக்கு மேல் பாட்டே அல்ல, கதை. லிஃப்ட் கேட்டு ஏறியவன் துப்பாக்கியை நீட்டுகிறான். இருபது வயது லண்டன் பையன் ஜாகர், அமெரிக்கத் தெருமுனைப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசுகிறார். போலிதான், ஆனால் என்ன ரசனையான போலி! இடையிடையே ஹார்மோனிக்கா பதில் சொல்கிறது. போ டிட்லியோடு சுற்றுப்பயணம் போன 1963 இலையுதிர் காலத்தில், அவர் முன்னால் அவர் பாட்டையே வாசிப்பது மரியாதையில்லை என்று மேடைப் பட்டியலிலிருந்து எடுத்துவைத்தவர்கள் இவர்கள். சில மாதம் கழித்து ரேடியோவில் ஆசைதீர வாசித்திருக்கிறார்கள்.

இப்போது நான் சொன்ன உருப்படியான புகார்களுக்கு வருகிறேன்.

முதலாவது, வரிசை. ஆல்பம் 1963இன் 'கம் ஆன்' பாட்டில் தொடங்கி, அடுத்ததே 1965இன் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்', அதற்கடுத்து மறுபடி 1963. இரண்டு வருடத்தில் ஒரு குழு சக் பெர்ரியின் நகலாக இருந்து தனக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடித்த கதை இந்தப் பதிவுகளில் முழுசாக இருக்கிறது. அதைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டார்கள். காரில் கேட்கிறவனுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு தெரிந்த பாட்டு வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, பேச்சு இல்லாமை. பீட்டில்ஸின் பிபிசி தொகுப்புகளின் உயிர் பாட்டுகளுக்கு நடுவே வரும் அரட்டையில் பாதி இருக்கிறது. அறிவிப்பாளர் பிரையன் மேத்யூ கேட்பார், ஜான் லெனன் குறுக்கே ஏதாவது எடக்கு பண்ணுவார், ரசிகர் கடிதத்தைப் படிப்பார்கள். அது ரேடியோ. 'ஆன் ஏர்' என்று பேர் வைத்துவிட்டு, பேச்சுக்கென்று ஒரு டிராக் கூட வைக்கவில்லை. அந்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால், ரிச்சர்ட் ஹேவர்ஸ் எழுதிய துணைப் புத்தகம் தனியாக விற்றது. சாட்டர்டே கிளப்பின் குரலாகவே இருந்த பிரையன் மேத்யூ ஆல்பம் வந்த அதே 2017 ஏப்ரலில்தான் காலமானார். அவர் குரலுக்கு அரை நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

மூன்றாவது, எந்தப் பாட்டு எங்கிருந்து கிடைத்தது என்ற தகவல். நிகழ்ச்சியின் பெயரும் வருடமும் போட்டார்கள், சரி. இது டிரான்ஸ்கிரிப்ஷன் தட்டா, யாருடைய வீட்டு டேப்பா, பாட்டுக்குப் பாட்டு என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சண்டை எழுந்திருக்காது. லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழு 2016இல் பிபிசி செஷன்களை முழுத் தொகுப்பாகப் போட்டபோது, 1969 மார்ச்சில் வாசித்து பிபிசி டேப் தொலைந்துபோன ஒரு செஷனையும் சேர்த்தார்கள். ரேடியோவிலிருந்து ரசிகர் பிடித்துவைத்த டேப்தான் மூலம். 'சன்ஷைன் உமன்' என்று வேறு எங்கேயும் இல்லாத பாட்டு அதில் இருக்கிறது. சத்தம் கரடுமுரடு. மூன்றாவது சிடியில் தனியாக வைத்து, இது இப்படித்தான் கிடைத்தது என்று சொல்லிவிட்டார்கள். பழைய ரசிகர்களே கொண்டாடினார்கள். பளபளப்பைவிட விவரத்துக்கு ஏங்குகிற கூட்டம் இது.

மோனோ மூலத்தையும் கூடவே கொடுக்காததையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 32 பாட்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். மோனோ பதிப்பை இன்னும் இரண்டு சிடியில் கொடுத்து விலையைக் கொஞ்சம் ஏற்றியிருந்தால் ஒருவரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். ஆக, ஸ்டீரியோ செய்தது தப்பில்லை. ஸ்டீரியோ மட்டும் செய்ததுதான் தப்பு.

பீட்டில்ஸோடு ஒப்பிட்டும் கேட்டிருக்கிறீர்கள். அது கொஞ்சம் அநியாயமான ஒப்பீடு. பீட்டில்ஸ் பிபிசிக்காக 1962 மார்ச்சிலிருந்து 1965 ஜூன் வரை 275 தடவை பாட்டு வாசித்திருக்கிறார்கள், 88 வெவ்வேறு பாட்டுகள். அதில் 36 பாட்டுகளை அவர்கள் குழுவாக இருந்த காலத்தில் தட்டாக வெளியிட்டதே இல்லை. தங்கள் பெயரிலேயே 15 வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். கெவின் ஹௌலெட் என்ற பிபிசி தயாரிப்பாளர் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே இதைத் தேடித் திரட்டினார். 1994இல் முதல் தொகுப்பு, 2013இல் இரண்டாவது. இரண்டிலும் மோனோவை மோனோவாகவே விட்டார்கள். மூலம் மோசமாக இருந்தால் மோசமாகவே போட்டார்கள். 1963 ஜனவரியில் வாசித்த 'கீப் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் மை பேபி' இரைச்சலுக்குள்ளிருந்துதான் கேட்கிறது, ஆனால் வேறு இடத்தில் கிடைக்காது. ஸ்டோன்ஸ் விஷயத்தில் இவ்வளவு சரக்கும் இல்லை, இவ்வளவு காலம் உட்கார்ந்து திரட்டிய பிபிசி ஆளும் இல்லை. அதற்காக அந்த வெளிப்படைத்தன்மையைப் பின்பற்றியிருக்கக் கூடாதா என்று கேட்டால், பின்பற்றியிருக்கலாம்தான்.

இதையெல்லாம் ஏன் ஐம்பது வருடம் கழித்துத் திடீரென்று வெளியிட்டார்கள் என்றும் ஒரு கேள்வி ஓடுகிறது. காசு என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அதில் ஒரு சட்ட முடிச்சும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50 வருடத்திலிருந்து 70 ஆக நீட்டியது, ஆனால் 50 வருடத்துக்குள் வெளியிடாமல் பெட்டியில் வைத்திருந்தவற்றுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. அதனால்தான் 2012இல் பாப் டிலனின் பழைய பதிவுகளைச் சுமார் 100 பிரதி மட்டும் போட்டு ஒரு வெளியீடு வந்தது. 2013 டிசம்பரில் பீட்டில்ஸ் 59 டிராக்குகளை ஐடியூன்ஸில் சத்தமில்லாமல் ஏற்றினார்கள், அதில் பெரும்பகுதி பிபிசி செஷன்கள். ஒலிபரப்பான பழைய செஷன்களைக் கண்ட கண்ட லேபிள்கள் ஐரோப்பாவில் கடையில் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டன. நம் பாட்டை எவனோ விற்கிறான், நாமே நன்றாகச் செய்து விற்போம் என்ற நினைப்பு வருவது இயல்பு. 'ஆன் ஏர்' வருவதற்கு முந்தின டிசம்பரில்தான் ஸ்டோன்ஸ் 'ப்ளூ அண்ட் லோன்சம்' என்று பழைய ப்ளூஸ் பாட்டுகளை மட்டும் வைத்து ஆல்பம் போட்டிருந்தார்கள். எழுபது வயதில் வாசித்த ப்ளூஸுக்குப் பக்கத்தில் இருபது வயதில் வாசித்ததை வைத்தால் எடுபடும் என்று கணக்குப் போட்டிருந்தாலும் அது கெட்ட கணக்கில்லை.

சரி, இத்தனை குறை சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன்? பாட்டுகளுக்காக. அறுபதுகளில் தட்டாக அவர்கள் வெளியிடாத எட்டுப் பாட்டுகள் இதில் இருக்கின்றன: 'ரோல் ஓவர் பேத்தோவன்', 'மெம்ஃபிஸ் டென்னஸி', 'பியூட்டிஃபுல் டிலைலா', 'காப்ஸ் அண்ட் ராபர்ஸ்', 'கிராக்கின் அப்', 'ஹை-ஹீல் ஸ்னீக்கர்ஸ்', 'ஃபேனி மே', 'எய்ன்ட் தட் லவ்விங் யூ பேபி'. 'கிராக்கின் அப்' மட்டும் 1977இன் நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் வந்தது என்று கறாரான ரசிகர்கள் திருத்துவார்கள், திருத்தட்டும். 'ஃபேனி மே' பாட்டைக் கேட்டால் ஒரு திருட்டு அகப்படும். பஸ்டர் பிரௌன் பாடிய பாட்டு அது. அதே துள்ளல், அதே ஹார்மோனிக்கா நடை, 1965இல் அமெரிக்காவில் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' தட்டின் மறுபக்கத்தில் வந்த 'தி அண்டர் அசிஸ்டன்ட் வெஸ்ட் கோஸ்ட் புரொமோஷன் மேன்' பாட்டில் அப்படியே இருக்கிறது. மூலத்தையும் நகலையும் ஒரே குழுவின் வாசிப்பில் அடுத்தடுத்துக் கேட்கிற வாய்ப்பு சும்மா கிடைக்குமா?

ஜோ லாஸ் பாப் ஷோ பாட்டுகள் இன்னொரு காரணம். ஸ்டுடியோவில் திருத்தித் திருத்திப் பதிவுசெய்தவை அல்ல. ஆட்களை உட்கார வைத்து மத்தியானம் நேரடியாக ஒலிபரப்பிய நிகழ்ச்சி. பெண் பிள்ளைகள் வீறிடுகிறார்கள். 'ஐ'ம் மூவிங் ஆன்' ஹேங்க் ஸ்னோவின் கன்ட்ரி பாட்டு. ரயில் மாதிரி ஓடுகிறது, அதன் மேல் குழுவின் கிட்டார்காரர் பிரையன் ஜோன்ஸின் ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) கிட்டார் கத்தியாக இறங்குகிறது. சார்லி வாட்ஸ் வேகத்தை ஒரு இழை கூட விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கிறார். இந்தப் பாட்டில் சிம்பல் குழைகிறதா இல்லையா என்று காது கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

பிரையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவை ஆரம்பித்தவர், பெயர் வைத்தவர் அவர்தான். 1969 ஜூனில் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, ஜூலை 3 அன்று இறந்துபோனார். பிற்காலத்து ஸ்டோன்ஸ் கதையில் அவர் ஓரமாக ஒதுங்கிப் போகிறார். 1963–65 ரேடியோவில் அவர் நடுவில் நிற்கிறார். ஹார்மோனிக்கா, ஸ்லைடு, இரண்டாவது கிட்டார், பின்பாட்டு என்று எல்லாவற்றிலும் கை. 'ஐ வானா பி யுவர் மேன்' பாட்டை லெனனும் மெக்கார்ட்னியும் இவர்களுக்குக் கொடுத்தார்கள். பீட்டில்ஸ் வாசிப்பில் அது டிரம்மர் ரிங்கோ பாடிய துள்ளல் பாட்டு. அதைக் கொஞ்சம் ஆபத்தானதாக மாற்றியது பிரையனின் ஸ்லைடு. வாத்தியங்களைப் பிரித்துத் தனித்தனியாக உட்காரவைத்ததால் அவர் வாசிப்பு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. பிரித்ததைத் திட்டுகிறவர்களில் பலர் பிரையன் பக்தர்கள் என்பது எனக்குப் புரியாத புதிர்.

கேட்கிற முறைக்கு ஒரே யோசனை. ஆல்பத்தின் வரிசையை மறந்துவிட்டு, நிகழ்ச்சிவாரியாக நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள். 1963 சாட்டர்டே கிளப் மூன்று பாட்டு, பிறகு 1964இன் சாட்டர்டே கிளப், ப்ளூஸ் இன் ரிதம் நான்கு, ஜோ லாஸ் ஐந்து, 'டாப் கியர்' என்ற பிபிசி இசை நிகழ்ச்சி, 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' நிகழ்ச்சியின் இரண்டு, கடைசியில் 1965. 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' இரண்டில் ஒன்றான '2120 சௌத் மிச்சிகன் அவென்யூ' வெறும் வாத்தியப் பாட்டு. 1964 ஜூனில் சிகாகோவின் செஸ் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவுசெய்தபோது அந்தக் கட்டிடத்தின் விலாசத்தையே தலைப்பாக்கினார்கள். சிகாகோ போவதற்கு முன், போய்வந்த பின் என்று ஒரு மாற்றம் இந்த அடுக்கில் பளிச்சென்று தெரியும்: பேஸ் கிட்டார் கனமாகிறது, ஜாகர் அவசரப்படுவதை விடுகிறார்.

விலை குறைவு என்று ஒற்றை சிடி பதிப்பை எடுத்துவிடாதீர்கள். அதில் 18 பாட்டுதான், ஜோ லாஸ் ஐந்தில் 'இட்ஸ் ஆல் ஓவர் நௌ' மட்டும்தான் உண்டு, 'ஐ'ம் மூவிங் ஆன்' கிடையாது.